தவின் ஆட வேண்டிய மூன்று சுற்று

"ஒருத்தருக்குத் தெரியாமலேயே அவரை ஆட வைக்க முடியுமா, தங்கச்சி?"

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. எங்கள் கொட்டகையில் நான் அப்போதுதான் முகத்துக்கு மாவு பூசி முடித்திருந்தேன். கேட்ட அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பாங்காக் பாணிச் செருப்பு, வெயில் தொப்பி, தோளில் இரண்டு பை. பெயர் பென்ஜா என்றார்.

"யாரை அக்கா ஆட வைக்கணும்?"

"என் வீட்டுக்காரரை."

"அவர் இப்ப எங்க?"

"சந்தையில. தண்டவாளத்துக்கு மேல கடை போட்டிருக்காங்கல்ல, அங்க நின்னு ரயிலுக்குக் காத்துக்கிட்டிருக்கார். எத்தனை நிமிஷம் லேட்டுன்னு எழுதி வச்சுக்கிட்டுத்தான் நகருவார்."

மே க்லோங் ஊரில், கழிமுகத் தாய் என்கிற தெய்வத்தின் கோயிலை ஒட்டி இருக்கிறது எங்கள் ஆட்டக் கொட்டகை. நாலு ஆட்டக்காரிகள், மரக்கட்டை வாத்தியம் வாசிக்கப் பூன்லெர்ட் அண்ணன். தாயிடம் ஏதாவது வேண்டிக்கொண்டு, அது நடந்துவிட்டால், ஆட்டம் நேர்ந்தவர்கள் எங்களிடம் வருவார்கள். அவர்கள் ஊதுபத்தியோடு மண்டியிட்டு உட்கார, நாங்கள் அவர்களுக்காக ஆடுவோம். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு எங்கள் முதுகுதான் தெரியும். ஆட்டம் தாய்க்கு என்பதால் முகம் அவளைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். நடுவில் ஆள் இல்லாத நேரத்தில் சுற்றுலா வருபவர்களுக்கு ஆட்ட உடையை வாடகைக்கு மாட்டிவிட்டுப் படம் எடுக்கவும் விடுவோம்.

"என்ன நேர்ந்தீங்க அக்கா?"

பென்ஜா அக்கா பையை இறக்கி வைத்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் கணவருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை. பிழைத்தால் அவரே நேரில் வந்து மூன்று சுற்று ஆடுவார் என்று இவர் தாயிடம் சொல்லிவிட்டார். கணவருக்கு இன்றுவரை தெரியாது.

"நீங்க ஆடுறதா சொல்லியிருக்கலாமே?"

"நான் ஆடினா அதுல என்ன இருக்கு? கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆடுறவ நான். அவர் ஆடி இந்த உலகத்துல யாரும் பார்த்ததில்ல. கிடைக்காத பொருளா கொடுத்தாத்தானே தாய் கொஞ்சம் யோசிப்பா?"

இந்தத் தப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நேர்த்தி சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. பெயர், வயது, வீட்டு எண், கேட்பது என்ன, கொடுப்பது என்ன, எத்தனை, எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கொடுப்பது நம் கையில் இருக்கும் பொருளாக இருக்க வேண்டும். ஆனால் பயத்தில் வாய் அடுத்தவன் வீட்டுக்குள் போய்விடும். தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தன் மைத்துனனின் மீசையை நேர்ந்துவிட்டார். அந்த மைத்துனன் இரண்டு வருடம் இந்த ஊர்ப் பக்கமே வரவில்லை.

"போன வாரம் அவருக்கு மூச்சு வாங்கிச்சு" என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது. "மாடிப்படி ஏறினதாலன்னு அவர் சொல்றார். டாக்டரும் ஒண்ணுமில்லன்னுட்டார். எனக்குத் தெரியும் தங்கச்சி, ஏன்னு. எட்டு மாசமா கொடுக்காம வச்சிருக்கேன். நாளைக்கு மத்தியானம் ஊருக்குக் கிளம்பறோம்."

சொன்னதைக் கொடுக்காவிட்டால் கிடைத்தது திரும்பிப் போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை நம்பாதவர்களும் இந்தக் கோயில் வாசலைக் கொஞ்சம் வேகமாகத்தான் தாண்டுவார்கள்.

"அவர்கிட்ட சொல்லிடறதுதானே?"

"சொன்னா முடியாதும்பார். முப்பது வருஷம் டிரைவிங் லைசென்ஸ் ஆபீசரா இருந்தவர். யார் எதைக் கேட்டாலும் முதல்ல முடியாதுன்னு சொல்லித்தான் பழக்கம்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா ஊர் சுத்திப் பார்க்கறதுன்னா உயிர். பட்டியல் போட்டுக்கிட்டு வந்திருக்கார். அதுல நேத்து ராத்திரி அவர் குளிக்கும்போது நானே ஒரு வரி சேர்த்துட்டேன். 'பாரம்பரிய உடையில் படம்'. நீ உடையை மாட்டிவிடு. படத்துக்குன்னு சொல்லிக் கையைத் தூக்க வை. பின்னாடி வாத்தியம் வாசிக்கட்டும். தாய்க்குப் புரிஞ்சிடும்."

"பேரைச் சத்தமா வாசிக்கணுமே அக்கா. யார், எதுக்காகன்னு சொல்லாம ஆடினா அது வெறும் உடற்பயிற்சிதான்."

"மெதுவா வாசிக்கச் சொல்லு."

சீட்டு எழுதிக்கொண்டு போய்ப் பூன்லெர்ட் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"நொந்தபுரி ஆபீஸ்ல இருந்த தவினா? என்னை ரெண்டு தடவை ஃபெயில் பண்ணின தவினா?"

"மெதுவா வாசிங்க அண்ணே. காதுல விழக்கூடாது."

"எனக்கு மெதுவா வாசிக்க வராதே லமாய்" என்று மைக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

தவின் அண்ணன் பத்து மணிக்கு வந்தார், கையில் ஒரு சின்ன மூங்கில் கூடை மீனோடு. எங்கள் ஊர்க் கானாங்கெளுத்தி மீனுக்கு முகம் கோணி, கழுத்து மடங்கி இருக்கும். நிமிர்ந்து படுத்தால் கூடை கொள்ளாது என்று அவிப்பதற்கு முன்னால் கழுத்தை மடக்கிவிடுவார்கள். தவின் அண்ணனை யாரும் எந்தக் கூடையிலும் வைத்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் முகம் அதே முகம்.

"ரயில் பதினோரு நிமிஷம் லேட்" என்றார் மனைவியிடம். "சரி, அடுத்தது என்ன? உடையா? இது நான் எழுதினதா?"

"நீங்கதான் எழுதினீங்க."

"என் எழுத்து மாதிரி இல்லையே." ஆனால் கண் அதற்குள் உடைகளின் மேல் போய்விட்டது. "இது எந்தக் காலத்து உடை?"

"போன வருஷத்து உடை அண்ணே. பாங்காக்ல தைச்சது."

ஆறு முழப் பட்டுத் துணியை முன்னால் கொசுவம் வைத்து, காலுக்கு நடுவே இழுத்துப் பின்னால் செருகினேன். சரிகைச் சட்டை. கடைசியாகக் கோபுரம் மாதிரிக் கிரீடம். ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டார். கிரீடத்தின் எடை எவ்வளவு, கயிறு எங்கே முடிச்சு, தும்மினால் கழன்றுவிடாதா. எனக்கும் இப்படிக் கேட்கிறவர்களைப் பிடிக்கும். முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் பார்த்ததும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

சன்னதிக்கு முன்னால் நிறுத்தினேன்.

"கேமரா பின்னாடி இருக்கே?"

"முதுகு அழகா விழும் அண்ணே. வலது கையைத் தூக்குங்க. விரலைப் பின்னாடி வளைங்க. முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க."

மடக்கினார். பென்ஜா அக்கா கையில் ஊதுபத்தியோடு அவருக்குப் பின்னால் சத்தமில்லாமல் மண்டியிட்டார். அப்போது ஒலிபெருக்கி உயிர் பெற்றது.

"தாயே கேளுங்க! நொந்தபுரியைச் சேர்ந்த தவின், வயசு ஐம்பத்தெட்டு, நெஞ்சு ஆபரேஷன்ல உயிர் பிழைச்சதுக்காக, அவர் மனைவி பென்ஜா நேர்ந்தபடி, தானே நேர்ல வந்து மூணு சுற்று ஆடுறார்!"

காணிக்கை முட்டைத் தட்டோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். தவின் அண்ணன் தூக்கிய கையை இறக்கினார். திரும்பி, மண்டியிட்டிருக்கும் மனைவியைப் பார்த்தார்.

"படம்னு சொன்ன."

"படமும்தான்."

"என்னை நேர்ந்துவிட்டிருக்க. ஆட்டுக்குட்டி மாதிரி."

"ஏங்க, மூணே சுற்றுதான். அஞ்சு நிமிஷம்."

"முடியாது. என் பேர்ல இன்னொருத்தர் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் செல்லாது. என் கையெழுத்து எங்க?"

"இவர் அப்பவும் இதையேதான் சொன்னார்" என்று மைக்கில் சொன்னார் பூன்லெர்ட் அண்ணன்.

பென்ஜா அக்கா ஊதுபத்திச் சாம்பல் கையில் விழுவதும் தெரியாமல் இருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புப் போய்விட்டது.

"அண்ணே, மேல்முறையீடு இருக்கு" என்றேன்.

அந்த வார்த்தை அவரை நிறுத்தியது. "யார்கிட்ட?"

பீடத்திலிருந்த இரண்டு சிவப்பு மரத்துண்டுகளை எடுத்துக் கொடுத்தேன். அவரைக்கொட்டை மாதிரி வளைந்தவை. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. கேள்வியைச் சொல்லி நெஞ்சு உயரத்திலிருந்து கீழே விட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழுந்தால் தாய் சம்மதிக்கிறாள். இரண்டும் உருண்டைப் பக்கம் காட்டினால் மாட்டேன் என்கிறாள். இரண்டும் தட்டைப் பக்கம் காட்டி ஆடிக்கொண்டிருந்தால் சிரிக்கிறாள். நேர்ந்ததை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க இதுதான் வழி. அதிகபட்சம் மூன்று தடவை.

"நூறு அவிச்ச முட்டை கொடுத்தா போதுமா?" என்று கேட்டுத் துண்டுகளைக் கீழே விட்டார் தவின் அண்ணன். இரண்டும் உருண்டை.

"முட்டை வேண்டாமாம்" என்றேன். "காலையிலிருந்து அதுதானே வருது."

"எட்டுப் பேரை வச்சுப் பெரிய ஆட்டமா போட்டா?" இரண்டும் தட்டை. தரையில் நெடுநேரம் ஆடின.

"சிரிக்கறாங்க அண்ணே."

"யாரைப் பார்த்து?"

"இங்க கிரீடம் வச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

அவர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார், சரிவு இருக்கிறதா என்று. இல்லை. மூன்றாவது தடவை கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "நேர்ந்தது இவதானே? இவளே ஆடினா?"

ஒன்று தட்டை, ஒன்று உருண்டை.

"செல்லும்" என்றேன். "நீங்க உட்காரலாம்."

அவர் கிரீடத்தோடேயே ஓரமாகப் போய் உட்கார்ந்தார், வழக்கில் ஜெயித்த முகத்தோடு. பென்ஜா அக்கா ஊதுபத்தியைச் செருகிவிட்டு எழுந்தார். நகரவில்லை.

"அவங்க சரின்னுட்டாங்க அக்கா."

"சரின்னாங்க. ஆனா நான் சொன்னது இது இல்லையே தங்கச்சி. உயிரைக் கேட்டப்ப ஒண்ணு சொல்லிட்டு, வாங்கினப்புறம் குறைச்சுக் கொடுக்கறது..."

தவின் அண்ணனுக்கு அது காதில் விழுந்தது. சலிப்போடு கேட்டார். "நீ எப்பதான் இங்க வந்து சொன்ன? இந்த எட்டு மாசத்துல நாம இந்தப் பக்கமே வரலையே."

"ஆஸ்பத்திரியில இருந்தப்ப. மூணாம் நாள்."

"மூணாம் நாளா? அன்னிக்குத்தானே நான் கண் முழிச்சேன்?"

"ஆமா."

"நூடுல்ஸ் சாப்பிடப் போனேன்னு சொன்ன."

எங்களிடமும் சொல்லியே ஆக வேண்டும் என்பது போல அவர் என் பக்கம் திரும்பினார். "கண்ணைத் திறந்தா ஒரு நர்ஸ் கொய்யா தின்னுக்கிட்டு நிக்கறா. இவளைக் காணோம். சொந்தக்காரங்ககிட்ட ஒருத்தர் விடாம இதைச் சொல்லியிருக்கேன். புருஷன் செத்துப் பிழைக்கறான், இவளுக்கு நூடுல்ஸ் கேக்குதுன்னு."

"சொன்னீங்க" என்றார் பென்ஜா அக்கா. "என் தங்கச்சி மாமியார்கிட்டகூட சொன்னீங்க."

"மறுத்துப் பேசலையே நீ?"

"காலையில டாக்டர் வெளியே கூப்பிட்டு, இனிமே நம்ம கையில இல்லன்னார். வேனைப் பிடிச்சு இங்க வந்தேன். வர ஒண்ணரை மணி, போக ஒண்ணரை மணி. அதைச் சொன்னா எதுக்குப் போனேன்னு கேப்பீங்க. ஆடணும்னு சொன்னா சிரிப்பீங்க. அதான், நூடுல்ஸே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

தவின் அண்ணன் கிரீடத்தை நேராக்கிக்கொண்டார். பிறகு தரையில் கை ஊன்றி எழுந்து வந்து என்னைக் கேட்டார்.

"எந்தக் கால் முதல்ல?"

"உங்களுக்கு விடுதலை கிடைச்சாச்சே அண்ணே."

"எந்தக் கால்னு கேட்டேன்."

"வலது."

எடுத்து வைத்தது இடது. ஆனால் ஆடினார். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், நாற்சந்தியில் நின்று லாரிகளைத் திருப்பிவிடுகிற மாதிரி இருந்தது. இடது கைக்குப் பின்னால் வலது கை அரைத் தாளம் தள்ளி வந்தது. முதல் சுற்றில் பூன்லெர்ட் அண்ணன் ஒரு தடவை சிரித்தார். அப்புறம் அவர் முகம் மாறிவிட்டது. வழக்கமான வேகத்தில் பாதிக்குத் தாளத்தைக் குறைத்துக்கொண்டார். மரக்கட்டை வாத்தியத்தில் இது சுலபமில்லை. கட்டையின் ஒலி தட்டியதும் அடங்கிவிடும். மெதுவாக வாசித்தால் நடுவில் ஓட்டை விழும். அதை நிரப்ப இரண்டு கையாலும் விடாமல் அதிர அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் அடித்தார்.

"அவசரமில்ல சார்" என்று மைக் இல்லாமலே சொன்னார்.

முதல் சுற்று முடிந்ததும் தவின் அண்ணன் முட்டியில் கை வைத்து மூச்சு வாங்கினார். பென்ஜா அக்கா பதறி ஓடி வந்தார்.

"போதும்! போதுங்க! உட்காருங்க!"

"எத்தனைன்னு சொன்ன?"

"மூணு. ஆனா..."

"ஒண்ணுதானே ஆகியிருக்கு. ஏன் குறைச்சுப் பேசற?"

நான் அவருக்கு ஒரு பக்கம் போய் நின்றேன். எங்கள் ஆட்டக்காரிகளில் இன்னொருத்தி மறுபக்கம் நின்றாள். கையை எப்போது மாற்ற வேண்டும் என்பது எங்களைப் பார்த்தால் தெரியும். இரண்டாவது சுற்றில் நாலு தடவைதான் தப்பினார். மூன்றாவதில் நான் எண்ணவில்லை.

முடிந்ததும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கொடுத்தது சேர்ந்ததா? அதை நேர்ந்தவர்தான் கேட்க வேண்டும். பென்ஜா அக்கா மரத்துண்டுகளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். விடவில்லை.

"கையை விடுங்க அக்கா. விட்டாத்தான் விழும்."

கண்ணை மூடிக்கொண்டு விட்டார். ஒன்று உடனே தட்டையாகக் கிடந்தது. இன்னொன்று ஓரத்தில் நின்று சுழன்று, பீடத்தில் இடித்து, உருண்டை முதுகைக் காட்டிக் கவிழ்ந்தது.

"கண்ணைத் திற" என்றார் தவின் அண்ணன்.

திறந்தார். பார்த்தார். "இது சரின்னுதானே, தங்கச்சி?" என்றார். சரிதான் என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தவின் அண்ணனும் கிரீடம் சாய அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா சரிகைச் சட்டைக்கு மேலாக அவர் நெஞ்சில் கையை வைத்தார்.

"என்ன?"

"சும்மா."

"ஓடுது. முன்னைவிட வேகமா ஓடுது. கையை எடு, எல்லாரும் பார்க்கறாங்க."

அக்கா எடுக்கவில்லை. இவரும் இரண்டாவது தடவை சொல்லவில்லை. பின்னால் முட்டைத் தட்டோடு ஐந்தாறு பேர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, அக்கா, அந்த ஓரமா நகர்ந்து உட்காருங்க, மத்தவங்களும் கொடுக்கணும்" என்று நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று.