ஈரத் தலை

"கண்ணை மூடிக்கோக்கா, தண்ணி விடறேன்."

தலையணையை உருவிவிட்டு, கழுத்துக்கு அடியில் சுருட்டிய துண்டைக் கொடுத்து, தலை மட்டும் கட்டிலுக்கு வெளியே வரும்படி அக்காவைப் படுக்க வைத்திருந்தாள் சின்னவள். கீழே முக்காலியின் மேல் அகலமான பிளாஸ்டிக் தொட்டி. இடது கை அக்காவின் பிடரியைத் தாங்கியிருந்தது, வலது கையில் குவளை. மணிக்கட்டில் கொஞ்சம் விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் சாய்த்தாள்.

"சுடுதா?"

"நான் என்ன கோழியா, பதம் பாத்து முக்கி எடுக்க? ஊத்துடி நாரு."

குரல் பாதிதான் வெளியே வந்தது. நக்கல் மட்டும் முழுசாக வந்தது. வாசற்படியில் உலர்ந்த துணியோடு நின்றிருந்த மாமா, அக்காவின் கணவர், சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பஸ் டிப்போவில் இத்தனை வருஷம் மெக்கானிக்காக இருந்த மனுஷன். எந்த வண்டி இனி ஓடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். "இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்க" என்று டாக்டர் சொன்னபோது அவர் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். புற்று ஈரல் வரைக்கும் வந்துவிட்டது. கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பி, தண்ணீர்கூடத் தொண்டையில் நிற்பதில்லை. பெரியவளின் உடம்பில் ஒழுங்காக வேலை செய்தது முடி ஒன்றுதான். கீமோவில் ஒன்றில்லாமல் கொட்டிப்போய், திரும்ப முளைத்தபோது சுருட்டையாக முளைத்த முடி.

அதுதான் வேடிக்கை. பெரியவள் கணக்கு டீச்சர். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். கரும்பலகையில் எழுதிவிட்டுச் சட்டென்று திரும்பினால் முன்பெஞ்சுப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ளும். 'சாட்டை டீச்சர்' என்றுதான் பள்ளிக்கூடத்தில் பேர். "கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடியறா" என்று அவர்களுடைய அம்மா இருந்தவரை பூரித்துப் போவாள். அதே வாயால் அடுத்ததாகச் சின்னவளைக் கூப்பிட்டு, "இது எங்க போய் வாங்கிட்டு வந்த மண்டையோ" என்று காய்ந்த தலையில் பல் நெருக்கமான சீப்பைப் போட்டு இழுப்பாள். சீப்பு உடையும், சின்னவள் அலறுவாள். எண்ணெயைக் கொட்டி அமுக்கிப் பள்ளிக்கூடம் அனுப்பினால், மத்தியானத்துக்குள் அது எண்ணெயையும் மீறிக் கிளம்பி நாலா பக்கமும் நிற்கும். பெரியவள்தான் அதற்குப் பாத்திரம் தேய்க்கிற நார் என்று பேர் வைத்தாள். முடிக்கு வைத்த பேர் ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. "ஏ நாரு, சாப்பிட வா." "ஏ நாரு, உன்னைப் பொண்ணு பாக்க வர்றாங்களாம், தலையில ஒரு துணியைப் போட்டுக்கோ."

முளைத்த முடி சுருண்டு நின்ற அன்றைக்குக் கண்ணாடி முன்னால் நின்றபடியே சின்னவளுக்குத்தான் போன் செய்தாள்.

"ஏ நாரு, உடனே கிளம்பி வா. உன் மண்டை என் கழுத்து மேல உக்காந்திருக்கு. எல்லாம் உன் வயித்தெரிச்சல்தான்டி."

ஐம்பதைத் தாண்டிய பெண்கள் இரண்டு பேரும் அன்று கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நோய் போய்விட்டது என்று நம்பின காலம் அது. சின்னவள் தன் தலையில் பட்டுப் படித்த பாடத்தையெல்லாம் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். காய்ந்த தலையில் சீப்பு போடாதே. ஈரத்தில், கண்டிஷனர் வழுக்கும்போது, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே வா. துண்டால் தேய்க்காதே, பழைய பனியன் துணியால் ஒற்று. ஆளி விதையைக் கொதிக்க வைத்து வடிகட்டிய கூழை உள்ளங்கையில் எடுத்து, நுனியிலிருந்து கசக்கி விடு. அப்புறம் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. காயும் வரைக்கும் கையை வைக்காதே. கை பட்டால் சுருள் பிரிந்து பஞ்சாய்ப் பறந்துவிடும்.

"இத்தனை வருஷம் இவ்வளவு பாடுபட்டியாடி? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்றாள் பெரியவள்.

"சொன்னா சிரிப்பே."

"ஆமா, சிரிச்சிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டாள்.

இன்றைக்குத் தலை குளிக்க வேண்டும் என்றது பெரியவள்தான். வேற்று நாட்டில் வேலையிலிருக்கும் மகன் ஒருவழியாக லீவு கிடைத்து நாளைக் காலையில் வந்து இறங்குகிறான். அம்மாவுக்கு முடி வந்தது அவனுக்குத் தெரியாது. வீடியோவில் பேசும்போதெல்லாம் தலையில் துணியைக் கட்டிக்கொண்டுதான் பேசுவாள்.

"இந்த நெலமையில தலைக்குத் தண்ணி ஊத்தணுமா?" என்று மாமா தயங்கினார்.

"மொட்டையா ஒரு கிழவி படுத்திருப்பான்னு நெனச்சுக்கிட்டு வருவான். வந்து அசந்து போகட்டும். ஒரே ஒரு நாள் நான் சீக்காளியா இல்லாம அம்மாவா இருந்துட்டுப் போறேனே, என்ன இப்போ?"

மாமா வெந்நீர் போடப் போனார்.

அலசி, சிக்கெடுத்து, ஒற்றி, கூழைக் கசக்கி விட்டு, ஜன்னல் பக்கம் தலை வரும்படி பெரியவளைத் திருப்பிப் படுக்க வைப்பதற்குள் சின்னவளுக்கே மூச்சு வாங்கியது. ஃபேனை நிறுத்தினாள். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுருள்கள் ஒவ்வொன்றாகத் திரண்டு வந்தன. இவ்வளவு அழகாக அவளுடைய தலையிலேயே வந்ததில்லை.

"நல்லா வருதா?"

"சூப்பரா வருது. பையன் மயங்கி விழப் போறான்."

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "நாரு, தலையைக் கொஞ்சம் கோதி விடேன். ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

சின்னவள் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். லென்ஸைக் கையில் வாங்கும் ஒவ்வொருவரிடமும் "நடுவுல தொடாதீங்க, ஓரத்தைப் பிடிங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, யோசிக்காமலே அந்தத் தொனி வந்துவிடும். அப்படித்தான் வந்தது.

"இப்பத் தொடக் கூடாதுக்கா. காயட்டும். கை வச்சா எல்லாம் போயிடும்."

"சரிங்க டீச்சர்" என்றாள் பெரியவள்.

அவ்வளவுதான். அப்புறம் அவள் பேசவில்லை. தூங்குகிறாள் என்று சின்னவள் நினைத்தாள். தூங்கினால் நல்லதுதான், தலையை அசைக்க மாட்டாள் என்று சந்தோஷப்பட்டாள். பாவி, சந்தோஷப்பட்டாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கஞ்சியோடு வந்த மாமாதான் பெரியவளைப் பார்த்ததும் சட்டென்று நின்றார். டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தார். குனிந்து பெரியவளின் நெஞ்சில் காதை வைத்தார். எத்தனையோ இன்ஜின்களைக் கேட்ட காது. வைத்தவர் எடுக்கவில்லை. சின்னவள் "மாமா" என்றாள். அப்போதும் எடுக்கவில்லை.

தலை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

சாவு வீட்டுக்கு ஆள் சேர எவ்வளவு நேரமாகும்? பக்கத்து வீட்டிலிருந்து வந்தார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார்கள். மாமாவின் அக்கா வந்தார். பெரியவளுக்கு நாத்தனார், சின்னவளும் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். வந்ததும் அழுது முடித்துவிட்டு ஃபேன் சுவிட்சைத் தட்டினார். சின்னவள் எழுந்து போய் நிறுத்தினாள்.

"ஏம்மா, இவ்வளவு பேர் வேர்த்து வழியறோம்?"

"தலை ஈரமா இருக்கு அண்ணி. காத்துல பறந்துடும்."

அண்ணி அவளை ஒரு மாதிரி பார்த்தார். குளிர்பெட்டிக்காரர் பெட்டியைக் கூடத்தில் இறக்கி வயரைச் செருகிவிட்டுக் காத்திருந்தார். தலை காயாமல் வைக்க விடமாட்டேன் என்றாள் சின்னவள். "உள்ள வச்சா தானா காஞ்சிடும்மா" என்றார் அவர், பொறுமையாகத்தான். அவருக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி. கடைசியில் மாமா, "அவ சொல்றபடி இருக்கட்டும்" என்றார். அத்தனை பேரும் ஒரு செத்தவளின் தலை காய்வதற்காக வியர்வையோடு நின்றார்கள்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. கைப்பையிலிருந்து சீப்பையும் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நாளைக்குப் பையன் வந்து பாத்தா, இது யாருன்னு கேப்பான். அவங்கம்மா எப்படி இருப்பா! படிய வாரி ஒரு பின்னலாவது போடறேன், தள்ளிக்கோ."

"வேணாம் அண்ணி."

"குருவிக்கூடு மாதிரி இருக்கும்மா!"

"தொடாதீங்கன்னு சொல்றேன்ல!"

கத்தினது தான்தான் என்று சின்னவளுக்கே நம்ப முடியவில்லை. சீப்பு அவள் கையில் இருந்தது. எப்போது பிடுங்கினாள்? "துக்கம் தலைக்கு ஏறிடுச்சு, பாவம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

துக்கமாவது. துக்கம் என்றால் அழுகை வர வேண்டும், அவளுக்கு வரவில்லை. இந்தத் தலை நன்றாகக் காய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. ஒரு சுருள் பிரியக் கூடாது. அக்கா கேட்டதைச் செய்யாததற்கு அவளிடம் இருக்கிற ஒரே காரணம் இந்த முடிதான். அதுவும் கெட்டுப்போனால், அவள் எதற்காகக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்? ஊர் உலகத்தில் யாரிடம் போய்ச் சொல்வாள்? உடம்பைப் பெட்டிக்கு மாற்றும்போதும் தலையை அவள் தூக்கவில்லை. பிடரிக்கு அடியில் துணியைக் கொடுத்து மாமாவைத் தூக்கச் சொன்னாள். மூடியைப் போட்ட பிறகு கண்ணாடிக்கு உள்ளே ஈரம் படிகிறதா, முடி உப்புகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள்.

உப்பவில்லை. காலையில் வெயில் கூடத்துக்குள் வந்தபோது ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக, பளபளவென்று, எண்ணிவிடலாம் போல இருந்தது. துக்கம் கேட்க வந்த பழைய மாணவி ஒருத்தி, "டீச்சருக்கு இந்த முடி எவ்வளவு அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சின்னவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். ஐயோ, இதற்கா? இதற்காகவா?

மகன் டாக்சியிலிருந்து பெட்டியைக்கூட இறக்காமல் உள்ளே வந்தான். தகவலை விமான நிலையத்தில்தான் சொல்லியிருந்தார்கள். மூடியை எடுத்தார்கள். அவன் முகத்தைப் பார்த்தான், முடியைப் பார்த்தான், மறுபடியும் முகத்தைப் பார்த்தான். அண்ணி சின்னவளைப் பார்த்தார், நான் சொன்னேன் அல்லவா என்பது போல.

"அம்மாவுக்கு முடி வந்துச்சா?" என்றான் அவன்.

"வந்துச்சுப்பா. உனக்கு நேர்ல காட்டணும்னு மறைச்சு வச்சிருந்தா" என்றாள் சின்னவள்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

இரண்டு கையையும் அந்த முடிக்குள் விட்டான். விரல்களை நுழைத்து, அளைந்து, முகத்தை அதில் புதைத்து, குழந்தையாக இருந்தபோது அழுததுபோல் வாய்விட்டு அழுதான். அவன் அளைய அளையச் சுருள்கள் ஒன்றொன்றாகப் பிரிந்தன. இழை இழையாக மேலே எழும்பின. சுற்றி நின்றவர்கள் சின்னவளைக் கலவரத்தோடு பார்த்தார்கள். அவள் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது பழையபடி வெறும் நாராகிவிட்டது, அவளுடைய தலையைப் போலவே.

அழுது ஓய்ந்து, சின்னவளருகில் தரையில் உட்கார்ந்தான்.

"கடைசி நேரத்துல பக்கத்துல யார் சித்தி இருந்தா?"

"நான்தான்."

"ஏதாவது கேட்டாங்களா?"

உன்னைத்தான் கேட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் எல்லோரும் சொல்வது. அவளுக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

"தலையைக் கோதி விடச் சொன்னா."

"கோதி விட்டீங்களா?"

மாமாவும் நிமிர்ந்து பார்த்தார்.

"ம்" என்றாள் சின்னவள்.

"அப்படியே தூங்கிட்டாங்களா?"

"தூங்கிட்டா."

"அது போதும் சித்தி" என்றான். "வர்ற வழியெல்லாம் அம்மா தனியாக் கெடந்திருப்பாங்களோன்னுதான்..." முடிக்காமல் அவளுடைய வலது கையை எடுத்து, விரித்து, உள்ளங்கையைத் தன் இரண்டு கண்ணிலும் மாற்றி மாற்றி ஒற்றிக்கொண்டான். அவனுடைய கண்ணீரில் அந்தக் கை நனைந்தது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

வெளியே மயானத்துக்குப் போகிற வண்டி பின்னால் வரும் சத்தம் கேட்டது. "வழியை விடுங்க, செருப்பையெல்லாம் ஒதுக்குங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சின்னவள் எழுந்து வாசலுக்குப் போனாள். குனிந்து, வந்தவர்களின் செருப்புகளை ஜோடி சேர்த்துச் சுவரோரம் வைக்கத் தொடங்கினாள், இடது கையால் மட்டும்.