சத்தமில்லாமல் வந்த செக்கிங் இன்ஸ்பெக்டர்

1

டொடக்!

இந்தச் சத்தத்திலிருந்துதான் கதை கிடைத்தது. கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. இந்த வார இதழுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் டொடக் என்றது. திரும்பிப் பார்த்தால், அறுபதை நெருங்கிய ஒருவர் பழைய சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறார். வலது பெடல் கீழே இறங்கும்போதெல்லாம் டொடக். ஊருக்கே கேட்கும்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "செக்கிங் இன்ஸ்பெக்டரு போறாருங்க. அவரு வீட்டுக்கு இந்நேரம் தகவல் போயிருக்கும்."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. ஒரு சத்தம், ஒரு வாக்கியம். மீதி முழுக்க என் கைச்சரக்கு.

(ஆசிரியர் கவனத்துக்கு: 'உண்மைச் சம்பவம்' என்று மேலே கட்டம் கட்டிப் போட்டுவிடாதீர்கள்.)

2

எங்கே தொடங்குவது?

"முந்திரித் தோப்பின் மேல் நிலா எழுந்தபோது தங்கமுத்து—"

வேண்டாம். சைக்கிள் ரிப்பேர் கதைக்கு நிலா எதற்கு?

"தங்கமுத்துவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான் இருந்தது. அதற்கு இரண்டு சக்கரம்—"

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் நான்காவது பத்தியில் ஒரு பிணம் விழ வேண்டும் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். அவர்களை நான்தான் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன்.

சரி, நேராகவே எழுதுகிறேன்.

தங்கமுத்து தன் சைக்கிளை வாசலில் தலைகீழாக நிறுத்தினார்.

3

தனியார் பஸ் கம்பெனியில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து, போன வருஷம் ஓய்வு பெற்றவர் தங்கமுத்து. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, மகன் துபாயில். வீட்டில் மனைவி மணிமேகலை, மருமகள் சுடர்விழி.

சைக்கிள் கடைக்காரர் மிதித்துப் பார்த்துவிட்டு, "கப்பு, அச்சு, குண்டு எல்லாத்தையும் செட்டா மாத்தணும். வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார். முப்பது வருஷம் யாரையும் நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கிய மனிதர் தங்கமுத்து. வண்டியை விட்டுவிட்டா வருவார்? தேவையானால் குண்டை மட்டும் வாங்கிக்கொள்ளலாம், வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியோடு திரும்பிவிட்டார்.

சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு: இரண்டு பெடல் கைகளும் சேருகிற இடத்தில் சட்டத்தில் ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். அதற்குள் ஓர் அச்சு. அச்சின் இரண்டு முனையிலும் கிண்ணம் போல ஒரு கப்பு. கப்புக்குள் பட்டாணி அளவில் இரும்புக் குண்டுகள்.* இந்தக் குண்டுகள் தேய்ந்தால் அச்சு ஆடும். அச்சு ஆடினால் டொடக்.

* ஒரு பக்கத்துக்குப் பதினொன்று. கதைக்கு இது தேவையே இல்லை. ஆனால் தப்பாக எழுதினால் கடிதம் வரும்.

பெடல் கைகளைப் பிடித்திருந்த பின்களைச் சுத்தியலால் தட்டி எடுத்தார். இடது கப்பு உளிக்கும் சுத்தியலுக்கும் மரியாதை கொடுத்துக் கழன்றது. வலது கப்பு அசையவில்லை. பெரிய ஸ்பானரைக் கொடுத்து, பைப்பை மாட்டி நீட்டி, ஏறி நின்று அழுத்தினார். அசையவில்லை. டிக்கெட் எடுக்காத பயணியை நடுவழியில் இறக்கிவிடும் அந்தப் பழைய குரல் தானாகவே வந்தது:

"ஏய், எறங்கு. எறங்குங்கறேன்ல? யாருகிட்ட வெளையாடுற? ஒன்ன மாதிரி எத்தன பேரப் பாத்திருப்பேன்!"

சுடர்விழி போனில் எதையோ பார்த்துக்கொண்டே வந்தாள். "மாமா, வலது பக்கம் மட்டும் மரை எதிர்ப்பக்கமாம். நீங்க கழட்டல. இறுக்கிக்கிட்டே இருக்கீங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா இறுக்குறீங்க?"

"முதல்ல இறுக்கித்தான் கழட்டணும். நீ உள்ள போ."

போனவள் மறுபடி எட்டிப் பார்த்தாள். "கப்பு உள்பக்கம் வழுவழுன்னு இருந்தா அதக் கழட்டவே வேணாமாம் மாமா. வெரல விட்டுப் பாக்கச் சொல்றாங்க."

"அதுவும் எனக்குத் தெரியும்!"

அவள் தலை மறைந்ததும் விரலை விட்டுத் தடவினார். வழுவழுவென்றுதான் இருந்தது. இடது கப்பும் அப்படியே. குண்டுகள்தான் அம்மைத் தழும்பு விழுந்து கிடந்தன, இரண்டு உடைந்தே போயிருந்தன. புதுக் குண்டு வாங்கிவந்தார். கப்பை டீசலில் கழுவி, கிரீஸை அப்பி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் முடுக்கினார். பெடலைச் சுற்றிவிட்டார். ஊமையாகச் சுற்றியது.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கும் வரும்.

அறிவிக்காமல் வந்து நிற்பதுதான் தங்கமுத்துவின் தொழில். வளைவு தாண்டிப் புளியமர மறைவில் நிற்பார். கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல வேட்டி கட்டிக்கொண்டு ஏறுவார். அவரைப் பார்த்துவிட்ட டிரைவர், எதிரே வரும் பஸ்ஸுக்கு லைட்டைப் போட்டுக் காட்டுவது வழக்கம். அடுத்த பஸ்ஸில் கண்டக்டர் அவசர அவசரமாக டிக்கெட் கிழிப்பார். இந்தத் தந்திரமெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவருக்கு, தன் சைக்கிளே தன் வீட்டுக்கு லைட் போட்டுக் காட்டுகிறது என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

தெரியாது என்றுதான் வைத்திருக்கிறேன். டொடக் அவர் காதிலும் விழும்; ஆனால் குறட்டை விடுகிறவருக்கு, அதனால் யார் விழித்துக்கொள்கிறார்கள் என்று தெரிவதில்லை அல்லவா? வாய்க்கால் பாலத்தில் டொடக் என்று கேட்டதும் வீட்டில் டிவி நிற்கும், பிள்ளைகள் வீட்டில் இருந்தவரை புத்தகத்தை விரிக்கும், பேச்சு அடங்கும். அவர் நுழையும்போது பூஜை அறை மாதிரி இருக்கும் வீடு. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், "என்னப்பா இப்புடிக் காட்டுக் கத்தல் கத்துறீங்க? எங்க வீடு அமைதியான வீடு" என்று பெருமை வேறு அடித்துக்கொள்வார்.

பாவம் மனிதர்.

(மேலே உள்ள வரியை அடித்துவிடலாம். எழுதுகிறவன் பரிதாபப்பட்டால் வாசகர் படமாட்டார்.)

5

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். முந்திரித் தோப்பு வரை போய்த் திரும்பினார். சக்கரம் மண்ணில் ஊர்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு நடுவில் குயில் கூவியது கேட்டது. இந்தத் தோப்பில் குயில் உண்டா? பாலத்தில் ஏறி இறங்கினார். ஒன்றுமில்லை. சின்னப் பையன் மாதிரி சந்தோஷமாக இருந்தது. மணிமேகலையிடம் முதல் வேலையாக இதைச் சொல்ல வேண்டும்.

மேலெல்லாம் டீசல் வாடையோடு வீட்டுப் பக்கச் சுவர் ஓரமாக இறங்கினார். அப்போது உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

(தொடராக இருந்தால் இங்கே நிறுத்தி ஒரு வாரம் உங்களைத் தூங்கவிடாமல் செய்திருப்பேன். சிறுகதை, பிழைத்தீர்கள்.)

"ஏய், எறங்கு. எறங்குங்கறேன்ல? யாருகிட்ட வெளையாடுற?"

அவருடைய குரல்! அந்த 'யாருகிட்ட'வில் வரும் அதட்டல், முடிவில் தொண்டையைச் செருமுவது, எல்லாமே அச்சு அசலாக அவர்தான்.

"ஐயோ அத்தை, போதும். வயித்த வலிக்குது!" இது சுடர்விழி.

"இருத்தா, இன்னும் எதிர் மரையே வரல." இது மணிமேகலை. உடனே மறுபடி தங்கமுத்து: "எனக்குத் தெரியும். முதல்ல இறுக்கித்தான் கழட்டணும். கழட்டிட்டு மறுபடி இறுக்கணும். இறுக்கிட்டு ஒங்கத்தைய ரெண்டு திட்டு திட்டணும். அப்பத்தான் சைக்கிள் ஓடும்!"

சுடர்விழி எதையோ தட்டித் தட்டிச் சிரித்தாள். தாம்பாளமாக இருக்க வேண்டும்.

"மாமா வந்துறப் போறாரு அத்தை. சத்தம் கேக்குதான்னு பாத்துக்கங்க."

 மணிமேகலையின் குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

6

கோபம் வந்தது என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். கண்ணீர் வந்தது என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். அவருக்கு வந்தது மணமேல்குடி.

கல்யாணமான முதல் வாரம். மாமனார் ஊரான மணமேல்குடிக்கு மறுவீடு போயிருந்தார்கள். சாயங்காலம் இருவரும் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, மணிமேகலை திடீரென்று நின்று, சம்பந்தம் பேச வந்த அவருடைய பெரியப்பாவைப் போலப் பேசிக் காட்டினாள். வெற்றிலை அதக்கிய வாயோடு, "பொண்ணு சமைக்குமா, இல்ல சமைச்சுப் போடணுமா?" தங்கமுத்து சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று கேட்டார். அவள் தரகரைச் செய்தாள், நாதஸ்வரக்காரரைச் செய்தாள். மீன் ஏலம் விடுகிறவரைச் செய்தபோது அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனார்கள்.

அதை அவள் எப்போது நிறுத்தினாள் என்றால்—

இந்த வாக்கியத்தை மூன்று தடவை முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. தங்கமுத்துவுக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்? வேலை கடுமை, பிள்ளைகள், 'எந்நேரமும் என்ன இளிப்பு?' என்று எப்போதோ சொன்ன ஒரு வார்த்தை. எதுவாகவும் இருக்கலாம். வயதானால் தாவணியை விடுவது போல அவளும் அதை விட்டுவிட்டாள் என்றே நினைத்திருந்தார்.

அவள் விடவில்லை. அவர் இல்லாத நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், பக்கத்து வீட்டார் பார்த்திருக்கிறார்கள். இப்போது மருமகளும் பார்க்கிறாள். இத்தனை வருஷமும் டிக்கெட் கிடைக்காமல் வெளியே நின்றவர் அவர் ஒருவர்தான்.

இதோ, சுவருக்கு அந்தப் பக்கம் மணமேல்குடி இருக்கிறது. உள்ளே காலை வைத்தால் நின்றுவிடும். வைக்காவிட்டால் இனி எப்போதும் சுவரோடு நின்றுதான் கேட்க வேண்டும்.

7

முடிவு ஒன்று. தங்கமுத்து இருமிக்கொண்டே உள்ளே போகிறார். சட்டென்று அமைதி. மணிமேகலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "காப்பி போடவாங்க?" என்கிறாள். நடக்கக் கூடியது இதுதான். நூற்றில் தொண்ணூறு வீட்டில் இதுதான் நடக்கும். அதனாலேயே எனக்கு வேண்டாம்.

முடிவு இரண்டு. சைக்கிளைச் சத்தமில்லாமல் திருப்பிக்கொண்டு பாலத்துக்குப் போகிறார். இடது கப்பைத் தளர்த்தி, பழைய டொடக்கை வரவழைக்கப் பார்க்கிறார். அவர்கள் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்கட்டும், முன்னாலேயே சொல்லிவிட்டுப் போவோம் என்று. ஆனால் குண்டு புதுசு, கிரீஸ் தாராளம். எவ்வளவு தளர்த்தினாலும் அச்சு ஆடுகிறதே தவிர வாயைத் திறக்கவில்லை. 'இவ்வளவு நல்லா ஏன்டா பண்ணித் தொலச்சோம்?' என்று பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறார்.

இதை எழுதும்போது நானே சிரித்தேன். ஆசிரியரும் இதைத்தான் கேட்பார். ஆனால் யோசித்துப் பாருங்கள். இது ஜெயித்தால், மிச்சமுள்ள காலம் முழுக்க அவர் தன் வீட்டுக்கு வெளியே இருந்துகொள்வதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். வேண்டாம்.

மூன்றாவதில் நான் அவரை நகர்த்தவேயில்லை. கிரீஸ் கையோடு ஹேண்டில்பாரைப் பிடித்தபடி சுவரோரம் நிற்கிறார். உள்ளே அவருடைய குரல் பாதியில் நிற்கிறது. சுடர்விழியின் சிரிப்பும் நிற்கிறது. தங்கமுத்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்.

இதற்குமேல் ஒரே ஒரு பேச்சுதான் எனக்குக் கேட்கிறது. அதற்கு அவர் என்ன பதில் சொன்னார், உள்ளே போனாரா, சிரித்தாரா, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாரா, எதையும் நான் எழுதப்போவதில்லை. அவரை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு தங்கமுத்து இருப்பார், அவரை வைத்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

மணிமேகலை, தன் சொந்தக் குரலில், சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்க வந்து நின்னதுலேருந்து ஒங்களுக்குத்தாங்க பண்ணிக்கிட்டிருக்கேன், கொரல மட்டும் கேட்டா எப்புடி, மூஞ்சியப் பாக்க வேணாமா?"