பாவுக் கஞ்சியும் கிணற்று மருந்தும்

ராசிபுரம் பள்ளிக்கூடத்தில் வாரம் மூன்று மாலை நடந்த சுகாதார நிர்வாக வகுப்பில் குழந்தைவேலின் நோட்டைப் போல் சுத்தமான நோட்டு வேறில்லை. பகலில் அவன் யூனியன் போர்டு குமாஸ்தா. ஐந்தரை மணிக்கு முதல் பெஞ்சில் இருப்பான். ஹெல்த் ஆபீசர் தீர்த்தகிரி சொல்வதையெல்லாம் தேதி போட்டு எழுதுவான். எழுதியது சரிதானா என்று மூன்று முறை திருப்பிப் பார்ப்பான்.

1938 புரட்டாசியில் நெசவாளர் தெருவில் வாந்திபேதி வந்தது. இரண்டே நாளில் இரண்டு சாவு. தெருவுக்கு இருந்ததோ ஒரே சேந்து கிணறு.

"இதுதான் உனக்குப் பரீட்சை," என்றார் தீர்த்தகிரி. "உத்தரவை நீயே எழுது, நீயே நடத்து. நாளைக்கு விளக்கு வைக்கிறதுக்குள்ள கிணத்துல மருந்து விழணும். இல்லேன்னா மூணாவது சாவு நிச்சயம்."

குழந்தைவேல் கிணற்றின் அகலத்தை நூல் பிடித்து அளந்தான். கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்த்தான். வீடுகள் நாற்பத்திரண்டு என்று எண்ணி, பிளீச்சிங் பொடியின் எடையை இருமுறை கணக்குப் போட்டு, உத்தரவை எழுதித் தமுக்கு அடிக்கச் சொன்னான்.

மறுநாள் பிற்பகல் பொடி வாளியோடு போனபோது தெருவே கிணற்றைச் சுற்றி நின்றது. தெருப் பெரியவர் பச்சமுத்து கிணற்று மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க குமாஸ்தா, போன வருசமும் ஒருத்தர் இப்படித்தான் கொட்டிட்டுப் போனாருங்க. அந்தத் தண்ணியில கஞ்சி போட்டு ஆறு பாவு நூல் சாயம் வெளுத்துப் போச்சு."

"அவர் அளவில்லாமக் கொட்டியிருப்பாருங்க. நான் கணக்குப் போட்டிருக்கேன்."

"உங்க கணக்கு நூலுக்குத் தெரியுமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைவேலுக்கு முகம் சுண்டிப் போயிற்று. அவன் வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளை. விடியற்காலையில் இந்தத் தெரு நெடுக, தறியில் ஏற்றப்போகும் பாவு நூலை விரித்துக் கட்டி, இந்தக் கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சியைத்தான் தடவுகிறார்கள் என்பதை அவன் யாரிடமும் கேட்டதில்லை. நாளைக்குப் பதினான்கு தீபாவளிப் பாவு. இத்தனை அளந்தவனின் நோட்டில் பாவு என்ற சொல்லே இல்லை. போலீசைக் கூப்பிட அதிகாரம் உண்டு என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் நல்லம்மாள் ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தாள். பிரசவம் பார்க்கும் நர்ஸ். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண், ஜன்னலோரப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள். அவள் பச்சமுத்துவிடம் முதலில் மருந்துப் பேச்சையே எடுக்கவில்லை.

"அண்ணா, ஒரு பாவுக்கு எத்தனை குடம் தண்ணி?"

"நாலு குடம்."

"கஞ்சியைப் பச்சத் தண்ணியிலயா கரைப்பீங்க?"

"எந்த ஊருல நர்சம்மா அப்படி? கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சோணும்."

"அப்ப இப்பவே சேந்திக் காய்ச்சிருங்க. கொதிச்சா பேதிக் கிருமியும் செத்துரும். மருந்து விழாத தண்ணி, சாயத்துக்கும் பயமில்லை. அப்புறமா மருந்து விழட்டும்."

"காலைக்குள்ள புளிச்சுப் போயிருமே?"

"புளிச்ச கஞ்சிதான் நூலுல நல்லா ஏறும்னு போன வாரம் நீங்கதானே மாமா சொன்னீங்க!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. பச்சமுத்து அவளை முறைத்தார். பிறகு வேட்டியைத் தட்டிக்கொண்டு மேடையை விட்டு எழுந்தார்.

ஐம்பத்தாறு குடம். குழந்தைவேலும் கயிறு பிடித்தான், உள்ளங்கை கொப்பளித்தது. தெரு முழுக்க அடுப்பு புகைந்தது. கடைசிக் குடம் ஏறியதும் மறுபடி கல்லைக் கட்டி ஆழம் பார்த்தான். தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. அதற்குத் தகுந்தபடி பொடியைக் குறைத்தான். முதல் விளக்கு எரிவதற்கு முன் மருந்து கிணற்றில் விழுந்தது.

"அக்கா, இது எந்தப் பாடத்துல வந்துச்சு?" என்று நல்லம்மாளிடம் கேட்டான் குழந்தைவேல்.

"பாடமா? போன மாசம் இங்க ஒரு பிரசவம். சுடுதண்ணி கேட்டா, அடுப்புல பாவுக் கஞ்சி இருக்குதுன்னாங்க. அந்தப் பானையை இறக்கச் சொல்லி நான் போட்ட சண்டை எனக்குத்தானே தெரியும்!"

பத்து நாளாயிற்று. மூன்றாவது சாவு வரவில்லை. வகுப்பில் குழந்தைவேல் தன் முதல் உத்தரவை, தெருவில் கேட்காமல் விட்ட தவறு உட்படப் படித்தான். பிறகு அந்தத் தாளில் கிணறு, வீடு, எடை என்றிருந்த கட்டங்களுக்கு முன்னால் ரூல்தடி வைத்து இன்னொரு கட்டம் போட்டு, 'தெருவில் கேட்டறிந்தது' என்று எழுதினான். அதற்குக் கீழே நல்லம்மாளின் பெயரை எழுதினான். தீர்த்தகிரி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மற்றவர்களையும் ரூல்தடி எடுக்கச் சொன்னார்.

"கட்டத்தைக் கொஞ்சம் பெருசாப் போடு சாமி," என்று ஜன்னலோரத்திலிருந்து நல்லம்மாளின் குரல் வந்தது. "அவங்க சொல்றதுக்கு நெறைய இருக்குது."