செபஸ்தியம்மாள் காற்றை இறக்கினாள்

எங்கள் வீடு டிரெய்லரில் வந்து சேர்ந்தபோது என் மனைவி ஜெசிந்தா உள்ளே படுத்திருந்தாள். அன்று காலையில்தான் அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. தலை அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீடு அசையலாமா என்று நான் கேட்கவில்லை.

கடல் உள்ளே வந்துகொண்டிருந்ததால் எங்கள் தெருவை மேற்கே மாற்றினார்கள். வீடுகளை முதலில் குடோனில் இறக்கி வைப்பது வழக்கம். நான் அந்த குடோனில் சூப்பர்வைசர்.

எனக்குப் பயமாக இருந்தது. போன வாரம் ஒரு டிரெய்லரில் ரேஷன் கடை வந்தது. டிரெய்லருக்கு அடியில் காற்றுப் பைகள் உண்டு. பாரத்தைத் தாங்குவது அவைதான். அந்த டிரைவர் பைகளில் காற்றை வைத்துக்கொண்டே கடையை இறக்கச் சொன்னார். பாரம் போனதும் பைகள் வண்டியை மேலே தூக்கின. தூக்கிக்கொண்டே போயின. வண்டி இன்னும் கூரைக்கு மேலேதான் நிற்கிறது. டிரைவர் கயிற்றில் தூக்குவாளி விடுகிறார். நாங்கள் சாப்பாடு வைத்து அனுப்புகிறோம்.

எங்கள் வீட்டை ஓட்டி வந்தவள் செபஸ்தியம்மாள். அகலமான பெண். கீழே இறங்கியதும் வண்டியைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"உள்ள ஆள் உண்டா அண்ணாச்சி?"

"என் வீட்டுக்காரி. கண்ணு ஆபரேஷன்."

"எந்தக் கண்ணு?"

"எடது."

"அப்ப வலது பக்கமாத்தான் இறக்கணும்" என்றாள். எனக்கு உடனே நம்பிக்கை வந்தது.

வண்டியைப் பின்னால் எடுத்து குடோனின் வலது பக்க மேடையோடு சேர்த்தாள். பொத்தானை அமுக்கினாள். டிரெய்லர் கொஞ்சம் உயர்ந்து மேடைக்குச் சமமாக நின்றது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இசக்கிமுத்து முன்சக்கரத்தை உள்ளே விட்டான். டிரெய்லர் அமுங்கியது. வீட்டுக்குள் பாத்திரங்கள் உருண்டன.

"வெளிய எடுல!" என்றாள். அவன் எடுத்தான். டிரெய்லர் எழும்பியது.

"நீ போவ அமுங்கும், வர எழும்பும். அந்தப் பிள்ளை கண்ணு என்னத்துக்கு ஆவும்?"

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாள். பிறகு குனிந்து காற்றைத் திறந்துவிட்டாள்.

பைகளில் எங்கள் தெருவின் காற்று இருந்தது. முதலில் நாய் குரைப்பு வந்தது. பிறகு கோயில் மணி. பிறகு சாளை மீன் விற்கிறவளின் குரல். "எவ்வளவுக்குத் தாரா?" என்று இசக்கிமுத்து கேட்டான்.

"பேசாம இருல. இன்னும் இறங்கல."

கடைசியாக யாரோ தும்மினார்கள். பைகள் சுருங்கின. டிரெய்லர் தன் இரும்பு மேலேயே உட்கார்ந்தது. இசக்கிமுத்து அதன் மேல் குதித்துப் பார்த்தான். பாறை மாதிரி இருந்தது. மேடைக்கும் வண்டிக்கும் நடுவில் செபஸ்தியம்மாள் ஒரு இரும்புத் தகட்டைப் போட்டாள்.

"இப்பப் போ."

அவன் போனான். டிரெய்லர் உள்ளே வெகு தூரம் நீண்டது. நாங்கள் டீ குடித்தோம். அவள் கண்ணை எடுக்காமல் வண்டியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கிமுத்து வீட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவன் மீசை நரைத்திருந்தது. ஆனால் எங்கள் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கா எழும்பவில்லை. நான் இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு இறக்கத்தைப் பார்த்ததில்லை.

"ரொம்ப நல்லா இறக்கினீங்க" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

வெறும் பையோடு ஓட்டினால் அச்சு போய்விடும் என்று சொல்லி மறுபடியும் காற்றை ஏற்றினாள். இந்த முறை குடோன் காற்று உள்ளே போனது. முதலில் மின்விசிறியின் சத்தம் போனது. பிறகு இசக்கிமுத்துவின் இருமல் போனது. டிரெய்லர் ஓடுகிற உயரத்துக்கு வந்து நின்றது. ஒவ்வொரு பையையும் தட்டிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். நான் கை தட்டினேன். சத்தம் வரவில்லை.

வண்டி கேட்டைத் தாண்டியபோது எங்கள் வீட்டு ஜன்னல் திறந்தது. கட்டுப்போட்ட கண்ணோடு ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வண்டி எப்ப வரும்? எவ்வளவு நேரமா அசையாமப் படுத்துக் கிடக்கேன்."

வந்துவிட்டுப் போய்விட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் குரல் மதுரை ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.