நண்டின் இன்னொரு கொடுக்கு

பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு பியூட்டி பார்லர் இருந்தது. அதை நடத்தியவளை வாடிக்கையாளர்கள் எல்லோரும் 'அண்ணி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய நாத்தனாரும் அங்கேயே வேலை பார்த்தாள். அவள் நாளெல்லாம் "அண்ணி, அண்ணி" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்ததில், தலை நரைத்துச் சாயம் பூச வருகிறவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. நாத்தனாருக்குப் பெயர் பட்டாசு. வாயைத் திறந்தால் அப்படி.

வீட்டில் அண்ணிக்கு வேறொரு பட்டம் உண்டு. ஆரம்ப சூரி. கொடுத்தது அவள் புருஷன். அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அதிகம் பேசமாட்டான், பேசினால் சுருக்கென்று தைக்கும். அந்தப் பட்டத்தில் பொய்யும் இல்லை. அவள் ஆசையாக வாங்கிய ட்ரெட்மில்லில் இப்போது ஈரத் துண்டுகள் காய்கின்றன. கிடார் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது. கேக் செய்யக் கற்றுக்கொள்கிறேன் என்று வாங்கிய தகரங்களில் புருஷன் திருகாணி போட்டு வைத்திருக்கிறான். "நாங்க எதையும் வீணாக்கறதில்ல," என்பான், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் காற்று வாங்க ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் வற்றிக் கரை சரிந்து கிடந்தது. குதிகால் தேய்க்கத் தோதாக ஒரு சொரசொரப்பான கல் கிடைக்குமா என்று அண்ணி தேடினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சாம்பல் நிற உருண்டையை எடுத்தாள். அது கை வழுக்கிப் பாறையில் விழுந்தது, ஓரத்தில் ஒரு சில்லு தெறித்தது. தெறித்த இடத்தில் கறுப்பாக, எண்ணெய் தடவினாற்போல் ஏதோ மின்னியது. அதன் மேலெல்லாம் பொடிப்பொடிப் புள்ளிகள், குளிரில் சிலிர்த்த தோலைப் போல.

"ஏங்க, இங்க வாங்களேன். இது வெறும் கல்லு இல்ல."

"கல்லுக்குள்ள கல்லுதான் இருக்கும்," என்றான் புருஷன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அன்று மாலையே அவள் அதைப் படமெடுத்து, புதைபடிவம் தேடுகிறவர்களின் ஃபோன் குழு ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டாள். வேறு ஊரிலிருந்து ஒரு தபால்காரர் பதில் குரல் அனுப்பினார். "எங்க எடுத்தீங்க? பொறுக்கத் தடையில்லாத இடம்னா சரி. உள்ள இருக்கறது நண்டுங்க. பல லட்சம் வருஷம் ஆன நண்டு. வினிகர்ல ஊறப்போடாதீங்க, சுத்தியலத் தொடாதீங்க. ஓட்டுக்கு மேல ஒட்டியிருக்கற மண்கல்லை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். அவசரப்படறவங்களுக்கு இது சரிப்படாதுங்க."

அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குள் முள்ளாக நின்றது. இவருக்கும் யாராவது போட்டுக் கொடுத்துவிட்டார்களா என்றுகூடத் தோன்றியது. இதை மட்டும் பாதியில் விடுவதில்லை என்று அப்போதே தீர்மானித்தாள், யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லித்தான் மற்றதெல்லாம் நின்றுபோயிருந்தது.

பார்லரில் திரைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையை அவள் எடுத்துக்கொண்டாள். பார்த்தால், வேண்டியதெல்லாம் அங்கேயே இருந்தது. முகம் பார்க்கும் உருப்பெருக்கி விளக்கு. மூக்குக்கு மாஸ்க். தூசியை இழுக்க சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன். கல்லைச் சாய்த்து வைக்க மணல் நிரப்பிய துணிப்பை ஒன்றைத் தானே தைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, நகம் தேய்க்கும் சின்ன மெஷின்.

"என்னண்ணி, கல்லுக்கு ஃபேஷியலா?" என்று திரையை விலக்கிப் பட்டாசு எட்டிப் பார்த்தாள். "கோல்டா, ஃப்ரூட்டா? அப்பாயின்ட்மென்ட் இல்லாம உள்ள விட்டுட்டீங்களே."

"வாய மூடிட்டுப் போடி. தூசி உள்ள போயிடும்."

"அவருக்கு எத்தன வயசுன்னு கேட்டீங்களா? லட்சம் வருஷமா? அப்ப சுருக்கத்துக்கும் சேத்துப் போடுங்க."

கூடத்தில் தலைமுடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது. வாடிக்கையாளர் இல்லாத இடைவெளிகளிலும் விடுமுறை நாளிலும் உட்கார்ந்தாள். முதலில் எது மண்கல், எது ஓடு என்றே தெரியவில்லை. மெதுவாகக் காதுதான் அதைப் பிரித்துச் சொன்னது. மண்கல்லில் மெஷின் மந்தமாக முனகும். ஓட்டைத் தொட்டால் குரல் கீச்சென்று உயரும். அந்தக் கீச்சைக் கேட்டதும் மெஷினை வைத்துவிட்டு ஊசியை எடுப்பாள். நடுநடுவே ஈரப் பிரஷ்ஷால் தடவிப் பார்ப்பாள். ஈரத்தில் ஓடு கறுத்து நிற்கும், மண் வெளுத்துத் தனியே தெரியும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஓடு வெளிப்படும், அவ்வளவுதான்.

முதுகு ஓடு வெளிவந்தது. ஒரு பக்கக் கால்கள் ஒவ்வொன்றாக வந்தன. முன்னால் மடக்கி வைத்த ஒரு பெரிய கொடுக்கு வந்தது, பல் வரிசையோடு. அன்றைக்குப் பட்டாசுகூடக் கையிலிருந்த சீப்போடு உள்ளே வந்து குனிந்து பார்த்தாள்.

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. கடைசிக் காலின் நுனியைச் சுற்றி ஒரு முரட்டு மண் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசிக்கு மசியவில்லை. வெளியே ஒரு மணப்பெண் வீட்டார் வரும் நேரம். மெஷினைக் கொஞ்சம் அழுத்தினாள். முனை சறுக்கியது. 'டிக்' என்று ஒரு சத்தம். கால் நுனி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வெட்டு. நுனி பறந்து திரைக்கு அடியால் கூடத்துக்குள் போய்விட்டது.

கூடத்தில் பட்டாசு அப்போதுதான் வெட்டிய முடியையெல்லாம் ஒரே குவியலாகப் பெருக்கி வைத்திருந்தாள்.

அண்ணி வெளியே வந்து நின்றாள். "உடைச்சுட்டேன்டி," என்றாள். "கால உடைச்சுட்டேன்."

பட்டாசு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நகராதீங்க. மிதிச்சுடுவீங்க. எவ்வளவு பெருசு?"

"மிளகு அளவுகூட இருக்காது."

பட்டாசு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் குவியலை ஒரு வெள்ளைத் துண்டின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப்போட்டு, பேன் சீப்பால் சீவ ஆரம்பித்தாள். கறுப்பு முடிக்குள் ஒரு கறுப்புப் பொடி. மணப்பெண் வீட்டார் வந்து வாசலில் நின்றார்கள். "ஒரு நிமிஷம் உக்காருங்கம்மா, நண்டு கால் தொலஞ்சு போச்சு," என்றாள் பட்டாசு, தலையை நிமிர்த்தாமல். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மரியாதையாகக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சீப்பின் பற்களுக்கு நடுவில்தான் அது கிடைத்தது. கல்தானா என்று பட்டாசு அதை நக்கிப் பார்க்கப் போனாள். அண்ணி கையைத் தட்டிவிட்டு வாங்கினாள். செயற்கை நகம் ஒட்டும் பசை ஒரு துளி, இடுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்ட ஒரு கணம். கால் தன் இடத்தில் உட்கார்ந்தது. ஒட்டிய கோடு தெரிந்தது. தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

அன்று இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு விதி வைத்தார்கள். வெளியே ஆள் காத்திருந்தால் மெஷினைத் தொடக்கூடாது.

மற்ற பக்கக் கால்களும் வந்தன. ஆனால் இன்னொரு கொடுக்கு வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மண்கல்தான் இருந்தது. அண்ணி படமெடுத்து அனுப்பினாள்.

"அருமையா வந்திருக்கு. இதோட நிறுத்திக்குங்க," என்றார் தபால்காரர். "ஒத்தக் கொடுக்கோட நிறைய கிடைக்கும். மேற்கொண்டு தோண்டினா கல்லு மெலிஞ்சு ரெண்டாப் போயிடும். எனக்கு அப்படி ஒண்ணு போயிருக்கு."

புருஷனும் அன்று பார்லருக்கு வந்து விளக்கின் கீழ் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு," என்றான். அவன் வாயில் அது பெரிய வார்த்தை. "போதுமே. முடிச்சாச்சுன்னு வச்சுக்கோ."

"வச்சுக்கறது வேற, முடிக்கறது வேற," என்றாள் அண்ணி. "அந்தப் பக்கம் தோள்மூட்டு இருக்குங்க. மூட்டு இருந்தா கை எங்கயோ மடங்கித்தான் இருக்கணும். இல்லைன்னு தெரிஞ்சா விட்டுடறேன். தெரியாம விடமாட்டேன்."

தபால்காரர் பயந்ததில் நியாயம் இருந்தது. கல் மெலிந்துதான் இருந்தது. அவள் ஒரு வாரம் அதைத் தொடாமல் யோசித்தாள். அப்புறம், கைகளுக்கு ஒத்தடம் கொடுக்க உருக்கும் மெழுகின்மேல் கண் போனது. நண்டை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் போர்த்தினாள். கிண்ணத்தில் மெழுகு வெதுவெதுப்பாக இறுகும் பதத்தில் நண்டை முதுகு கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள். மெழுகு உறைந்ததும் கால், கொடுக்கு, முதுகு எல்லாம் அசையாமல் மெத்தையில் அமர்ந்துவிட்டன. இனி அடிப்பக்கத்திலிருந்து போகலாம்.

மெஷினைத் தூக்கி ஓரமாக வைத்தாள். ஊசி மட்டும். மணல் மணலாகக் கிளறினாள். கழுத்து இறுகிப்போனது. பட்டாசு வந்து தோளைப் பிடித்துவிட்டாள், பிடித்துக்கொண்டே மூச்சுக்காற்றில் "இருக்கா? இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூட்டிலிருந்து போன வழி வயிற்றுக்கு அடியில் வளைந்து மறைந்தது. அந்த வளைவைப் பிடித்துக்கொண்டே போனாள்.

ஒரு மத்தியானம் ஊசி கீச்சென்றது.

ஈரப் பிரஷ்ஷால் தடவினாள். கறுப்பு. இன்னும் கொஞ்சம் எடுத்தாள். இரண்டு விரல் போலப் பிளந்த நுனி, வயிற்றோடு ஒட்டி மடித்து வைத்தபடி. கொடுக்குதான். ஆனால் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. மற்றதில் கால்வாசி இருந்தால் அதிகம்.

"என்னண்ணி இது, குழந்தை கையாட்டம் இருக்கு?" என்றாள் பட்டாசு. அவள் குரல் கீழே இறங்கியிருந்தது.

அண்ணி மாஸ்க்கைக் கழற்றி, கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். தூசி என்று சொல்லியிருக்கலாம், யாரும் கேட்கவில்லை.

தபால்காரரிடமிருந்து இந்தத் தடவை நீளமான குரல் வந்தது. "சண்டையிலயோ எதுலயோ அந்தக் கை போயிருக்கலாம். நண்டுக்குக் கை திரும்ப முளைக்கும்ங்க. முளைச்சுட்டு இருந்தப்பவே மண்ணுக்குள்ள போயிருக்கணும். அதோட சாதியே அப்படி ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசாவும் இருக்கலாம், படத்தை வெச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா நான் நிறுத்தச் சொன்னது தப்பு. அந்த மெழுகு விஷயத்தைக் கொஞ்சம் விவரமாச் சொல்றீங்களா?"

அவள் அந்தக் கடைசிக் கேள்வியைப் பட்டாசுக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டினாள்.

அன்று புருஷன் வேலை முடித்து நேரே பார்லருக்கு வந்தான். சின்னக் கொடுக்கை உருப்பெருக்கியில் பார்த்தான். கீழே இறங்கி வண்டிக்குப் போய், ஃப்ரிட்ஜுக்குப் போடும் மெல்லிய செப்புக் குழாய் ஒரு துண்டோடு திரும்பினான். நண்டை மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கிற மாதிரி மூன்று கால் தாங்கி ஒன்று வளைத்தான். மேஜையில் வைத்துப் பார்த்தான். ஆடியது.

"இந்தக் கால் கோணல்," என்றாள் அண்ணி.

"சரியாத்தான் இருக்கு. வச்சுப் பாரேன்."

"அவசரப்படாதீங்க. கழட்டிட்டு மறுபடி வளைங்க."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, குழாயை மறுபடி நிமிர்த்த ஆரம்பித்தான்.