வியாழக்கிழமை எண்ணெய்

வியாழக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு என் சமையலறைச் சுவரில் இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக எண்ணெய் காயும் வாசனை இறங்கி வந்தது. எங்கள் பாலிக்சி நகரத்தில் ஏரிப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாட்களில் மேலே போக வேண்டிய புகையெல்லாம் கீழேதான் வரும். நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு முகர்ந்து பார்த்தேன். நாலாவது மாடிக்காரி பொரித்தால் பூண்டு வாடை வரும். சோயா என்ற எதிர் வீட்டுக் கிழவிக்கு மருத்துவர் எண்ணெயையே கண்ணில் காட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இது சுத்தமான மாவு, சுத்தமான எண்ணெய். போர்சோக் என்கிற மாவுத் துண்டுகளைப் பொரிக்கிற வாசனை. என் தலைக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில், பாஸ்டர் வீட்டிலிருந்து வருகிறது. நகரத்திலேயே வியாழக்கிழமை எண்ணெய் காயக்கூடாத வீடு ஒன்று உண்டென்றால் அது அந்த வீடுதான்.

நாங்கள் இந்த ஊர் முஸ்லிம்கள் எல்லாரும் வியாழக்கிழமை பொரிப்போம். எங்கள் செத்துப்போனவர்களுக்கு வாசனைதான் சாப்பாடு. ஏழு போர்சோக்காவது எண்ணெயில் போட்டு, வீட்டில் யாரையாவது தின்ன வைத்து, அவர்கள் பேரைச் சொல்ல வேண்டும். நான் பெரிய தொழுகைக்காரி இல்லை. முப்பது வருடம் ரயில் நிலைய டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குக் கடவுளைவிடக் கால அட்டவணைதான் பழக்கம். ஆனாலும் என் வீட்டுக்காரருக்கு வியாழக்கிழமை தவறியதில்லை. உயிரோடு இருந்தபோது என் சமையலை ஒரு நாளும் மெச்சாதவர். இப்போது வேறு வழியில்லை அவருக்கு.

பாஸ்டர் மிர்லானின் மனைவி சல்கின் இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். இங்கே குடிவந்த ஒன்பது வருடமாகத் தன் சபைப் பெண்களுக்கு அவள் ஓயாமல் சொன்ன பாடம் இதுதான்: வியாழக்கிழமை எண்ணெய் வைக்காதீர்கள், இறந்தவர்கள் ஆண்டவரிடத்தில் நிறைவாக இருக்கிறார்கள்.

"செத்தவங்களுக்கு மூக்கு கிடையாது, எஜே" என்றாள் ஒருமுறை, படிக்கட்டில் வைத்து. இந்தப் படிக்கட்டில் என்னைவிட இளையவர்கள் எல்லாருக்கும் நான் எஜேதான், அக்காதான். "நீ போய்ப் பார்த்துட்டு வந்தியாக்கும்?" என்றேன். சிரித்துவிட்டாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

சொன்னதைக் கேட்டுத் தொலைத்தவள் புருல், அந்தச் சபைப் பெண்களில் ஒருத்தி. கணவன் மாஸ்கோவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து பெட்டியில் வந்தான். மாமியார் வீட்டில் வியாழன்தோறும் பொரிக்கச் சொன்னார்கள். புருல் சல்கினிடம் வந்து கேட்டாள். உறுதியாக நில், அவர் உன்னைக் கைவிட மாட்டார் என்று சல்கின் சொன்னாள். புருல் உறுதியாக நின்றாள். என் மகனைப் பட்டினி போடுகிறவள் என் வீட்டில் இருக்க வேண்டாம் என்று மாமியார் அவளை வெளியே அனுப்பிவிட்டாள். ஐந்து வயதுப் பெண் பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டாள். பதினோரு மாதமாகிறது. புருல் ரொட்டிக் கடையில் தரை துடைத்துக்கொண்டு ஒரு மூலையில் படுத்துக் கிடக்கிறாள்.

பிறகு அக்டோபர் கடைசியில் சல்கினின் பெண் செத்துப்போனாள். அக்மரால். ஆறு வயது. நுரையீரல் காய்ச்சல், ஐந்தே நாள். மிர்லானின் சொந்தக் கிராமத்தில், மதம் மாறினவன் பிள்ளையை இங்கே புதைக்க இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நகரத்து முஸ்லிம் மையவாடியிலும் அதே பதில். இரண்டு நாள், ஜன்னல்களைத் திறந்துபோட்ட குளிர் அறையில், குழந்தை என் கூரைக்கு மேலே கிடந்தது. நான் அந்த இரண்டு நாளும் வீட்டில் காலைத் தரையில் தேய்க்காமல் நடந்தேன், ஏனென்று தெரியாது. கடைசியில், மூடிப்போன இறைச்சித் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் ரஷ்யர்களின் கல்லறைத் தோட்டத்தில், வேலியோரமாக இடம் கொடுத்தார்கள்.

அதற்கடுத்த வாரமே சல்கின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நடத்தினாள். சபைப் பெண்களுக்கான கூட்டம். ஒவ்வொருத்தியும் தன் பாரத்தைச் சொல்லுவாள், சல்கின் ஆளுக்கு ஒரு தைரிய வார்த்தை கொடுப்பாள். நானும் போவதுண்டு, அவள் போடும் ஆப்ரிகாட் ஜாமுக்காகவும், யார் வீட்டில் என்ன என்று தெரிந்துகொள்வதற்காகவும். கதவோரம் உட்கார்ந்துகொள்வேன், எனக்கு எதிலும் சம்பந்தமில்லை என்பதுபோல. அன்று எல்லாரும் அவளைத் தேற்றத்தான் வந்தார்கள். கால் மணி நேரத்தில் ஒவ்வொருத்தியாக அவள் தோளில் விழுந்து தன் சொந்தத் துக்கத்தை அழத் தொடங்கினாள். அவள் ஒவ்வொருத்தி முதுகையும் தடவிக்கொடுத்தாள், தேநீர் ஊற்றினாள், வார்த்தை கொடுத்தாள். நானாக இருந்தால் ஜாம் கிண்ணத்தை எடுத்து எறிந்திருப்பேன்.

ஆக, குழந்தை போய் இரண்டு வாரம் ஆவதற்குள், அந்த வீட்டில்தான் எண்ணெய் காய்ந்தது. மூன்று வாரமாக. முதல் வியாழன் என் மூக்கைச் சந்தேகித்தேன். இரண்டாவது வியாழன் காற்றைச் சந்தேகித்தேன். மூன்றாவது வியாழன் உப்புக் கிண்ணத்தைக் காலி செய்து எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

வெகுநேரம் திறக்கவில்லை. "நான்தான், உப்புக்கு" என்றேன். கதவு ஒரு கை அகலம் திறந்தது. கதவின் அடியில் ஈரத் துணி திணித்திருந்தது. முழங்கை வரை மாவு. காற்றுத் துவாரத்தை மட்டும் மறந்திருக்கிறாள்.

"உங்களுக்கு வாசனை வந்துருச்சா, எஜே?"

"நான் உப்பு வாங்க வந்தேன்."

"உங்க வீட்டுல உப்பு தீர்ந்து நான் பார்த்ததே இல்ல" என்றாள். என்னை உள்ளே விட்டாள்.

தட்டில் ஏழு இருந்தன, ஆறிப்போய். யாரும் தொடவில்லை. "தின்ன ஆள் இல்லாம இது போய்ச் சேராது, தெரியுமில்ல?" என்றேன்.

"நானே தின்னலாமான்னு தெரியல. அம்மாகிட்டக் கேக்கணும், நாங்க மதம் மாறினதுலேர்ந்து அம்மா என்கூடப் பேசறதில்ல." அடுப்பை அணைத்தாள். "நான் விசுவாசத்தை விடல, எஜே. அவ ஆண்டவர்கிட்டதான் இருக்கா. அது எனக்குத் தெரியும். பகல் பூரா தெரியுது. ஆனா அந்தக் கல்லறையில சுத்தியும் எல்லாரும் ரஷ்யக்காரங்க. அவளுக்கு ரஷ்யன் தெரியாது. யாராவது ஒரு வாய் சாப்பிடுன்னு சொன்னாக்கூட அவளுக்குப் புரியாது."

ஒன்றை எடுத்துத் தின்றேன். உப்புக் கம்மி, சொல்லவில்லை. கைகளை விரித்து எனக்குத் தெரிந்த ஒன்றரை வரி ஓதலை ஓதி, அக்மராலுக்குப் போய்ச் சேரட்டும் என்று முகத்தைத் தடவிக்கொண்டேன். பாஸ்டர் வீட்டுச் சமையலறையில். சல்கின் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், குழந்தை சாப்பிடுவதைப் பார்ப்பதுபோல. ஏழையும் தின்றேன். வயிறு இரண்டு நாள் சரியில்லை.

"அவருக்குத் தெரியுமா?" என்றேன்.

ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். கீழே பெஞ்சில், அந்தக் காற்றில், மிர்லான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாசனை போனப்புறம் மேல வருவார். கேக்க மாட்டார். கேட்டா அவர் ஏதாவது செய்யணுமில்ல." மூன்று வாரமாக அவர் அங்கே உட்கார்ந்திருப்பதை நானும் பார்த்திருந்தேன். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு இல்லை என்று நாலு வீட்டில் சொல்லியும் வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் தமாராவின் செருமல் கேட்டது. தமாரா ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ், சபையில் அதைவிடப் பெரிய நர்ஸ். மாதம் தவறாமல் தலைநகர் பிஷ்கெக்கிலுள்ள சபைப் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவள். மிர்லானின் வேலையும் இந்த வீடும் அந்தப் பெரியவர்கள் கையில்தான் இருந்தன. சல்கின் அவசரமாகக் கையைக் கழுவி எண்ணெய்ச் சட்டியை அலமாரிக்குள் தள்ளினாள். நான் காலித் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"என்ன இது, எண்ணெய் நாத்தம்?" என்றாள் தமாரா.

"நாத்தமா? நான் பொரிச்சேன், என் வீட்டுக்காரருக்கு. சல்கினுக்கும் கொண்டுவந்தேன், வேணாம்னுட்டா. நானே தின்னுட்டேன்."

"உங்க வீடு கீழ. வாசனை இங்க அடிக்குது."

"வாசனை மேல போகாம பின்ன எங்க போகும்? நீ நர்ஸ்தானே?"

தமாரா என்னை இரக்கத்தோடு பார்த்தாள். செத்துக்கொண்டிருக்கும் நோயாளியைப் பார்ப்பதுபோல. "இந்த வயசுலயும் இருட்டுலயே இருக்கீங்களே, எஜே." உள்ளே போனாள். நான் போகவில்லை, ஆனால் கதவுக்கு வெளியே நின்றேன். நிற்காமல் என்ன செய்வேன்?

"சகோதரி, புருலோட மாமியார் சொல்லியனுப்பியிருக்கா" என்றாள் தமாரா உள்ளே. "மகனோட வருஷ நாளுக்கு வந்து புருல் தன் கையால எண்ணெய் வைக்கணுமாம். வெச்சா வீட்டுல சேர்த்துக்குவாங்களாம், பிள்ளையும் குடுப்பாங்களாம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் வேணுமாம். பொண்ணு ஆடிப்போயிருக்கா. நாளைக்கு உங்ககிட்டதான் வரா. ஒரு தைரிய வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நிப்பா. உங்க பிள்ளை போயும் நீங்க நிக்கிறீங்களே, அதைப் பார்த்துதான் நாங்க எல்லாரும் நிக்கிறோம்."

சல்கின் என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை. தமாரா போன பிறகு சல்கின் கீழே வந்து என் கதவைத் தட்டினாள்.

"ஏன் பொய் சொன்னீங்க, எஜே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்குடி! உன் வீட்டைக் காப்பாத்தினேன், உன் புருஷன் வேலையைக் காப்பாத்தினேன், ஏழு போர்சோக் தின்னேன்!"

"தெரியும்" என்றாள். "பிடிபட்டிருந்தா நானா சொல்ல வேண்டியிருக்காது." மேலே ஏறிப் போனாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் முதல் ஆளாகப் போய்க் கதவோரம் உட்கார்ந்தேன். ஒன்பது பெண்கள் வந்தார்கள். புருல் கடைசியில் வந்தாள். மேல்கோட்டைக் கழற்றவில்லை, கையில் ஒரு பை. மற்றவர்கள் தங்கள் பாரங்களைச் சொல்லவே இல்லை. எல்லாரும் புருலைப் பார்த்தார்கள், பிறகு சல்கினைப் பார்த்தார்கள். தமாராவின் உதடுகள் ஏற்கனவே ஜெபித்துக்கொண்டிருந்தன.

"அக்கா, நீங்க சொல்லுங்க" என்றாள் புருல். "நான் வைக்கட்டுமா, வேணாமா? வேணாம்னா வைக்கல. போன தடவை மாதிரியே. ஆனா நீங்க என்னைப் பார்த்துச் சொல்லணும்."

சல்கின் தேநீர்க் கெண்டியைக் கையில் வைத்திருந்தாள். அதை மேசையில் வைக்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"நேத்து நான் பொரிச்சேன், புருல்."

யாருக்கும் விளங்கவில்லை. தமாரா சிரிக்கக்கூடச் சிரித்தாள். "சகோதரி, அது கீழ் வீட்டு எஜே..."

"எஜே எனக்காகப் பொய் சொன்னாங்க. நான்தான். அக்மராலுக்கு. மூணு வாரமா வைக்கிறேன்." குரல் ஆடவில்லை. "உனக்கு வேணாம்னு சொன்ன அதே வாயால அவ பேரைச் சொல்லிட்டு வெச்சேன். உன் பிள்ளை உங்கிட்ட இல்ல, நான் சொன்னதாலதான் இல்ல. இப்ப உனக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. எங்கிட்ட வார்த்தை எதுவும் இல்ல."

ஒன்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. வாழ்க்கையில் முதல் தடவையாக, கவனிக்கப்படாமல் இருக்க விரும்பினேன்.

புருல் அழுவாள் என்று நினைத்தேன். கட்டிக்கொள்வாள் என்றும் நினைத்தேன். அந்த மாதிரிக் காட்சி எனக்குப் பிடிக்கும். அவள் இரண்டும் செய்யவில்லை. "பதினோரு மாசம்" என்றாள். "அவளுக்குப் பல் விழுந்து முளைச்சிருக்காம். கடையில வாங்க வந்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்." பையைத் தூக்கினாள். "நீங்க ரெண்டு வாரம்கூடப் பொறுக்கல, அக்கா. ரெண்டு வாரம்." அறையைக் கடந்து, என் முழங்காலில் இடித்துக்கொண்டு, வெளியே போனாள். கதவு சாத்தப்படவில்லை, படிக்கட்டுக் குளிர் உள்ளே வந்தது.

தமாரா எழுந்து நின்றாள். "இதை நான் எழுதாம இருக்க முடியாது, சகோதரி."

"எழுதுங்க" என்றாள் சல்கின். ஒரு கணம் அறையைப் பார்த்தாள்: கோப்பைகள், யாரும் தொடாத ஜாம், ஒன்பது வருடமாக அவள் தேற்றிய முகங்கள். ஒருத்தியாவது எழுந்து வந்து அவள் கையைப் பிடித்திருக்கலாம். எல்லாரும் தரையில் எதையோ தேடினார்கள். நானும்தான். பிறகு சல்கின், வீட்டுச் செருப்போடு, கோட்டு இல்லாமல், புருல் போன வழியே இறங்கிப் போனாள்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். எனக்குப் பின்னால் யாரோ கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார்கள், அவசர அவசரமாக, சத்தமாக.

கீழே காற்று குப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தது. புருல் சாலையைக் கடந்து, எதிரே மாமியாரின் கிராமத்துக்குப் போகும் வேன் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். சல்கின் பத்தடி பின்னால். புருல் திரும்பிப் பார்க்கவில்லை, வேகமாகவும் நடக்கவில்லை. பெஞ்சிலிருந்து மிர்லான் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். எந்தப் பக்கமும் போகவில்லை.

புருல் வேனில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். ஆள் நிறையாமல் வண்டி கிளம்பாது. ஓட்டுநர் வெளியே நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். சல்கின் திறந்திருந்த கதவருகே போய் நின்றாள். ஏறவில்லை. ஏதோ சொன்னாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. காற்றில் அவள் பாவாடை கால்களோடு ஒட்டிக்கொண்டது. ஒரு கிழவர் அவளைத் தாண்டி ஏறினார், இன்னொருத்தி ஏறினாள், பை இருந்த இருக்கை மட்டும் மிச்சம், ஓட்டுநர் விதைத் தோலைத் துப்பிவிட்டுத் தன் பக்கக் கதவைத் திறந்தான். புருல் நேராக முன்னால் பார்த்துக்கொண்டே பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.