பதினெட்டு ஜன்னல்கள்

எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி. மறைத்துப் பேச இதில் ஒன்றுமில்லை. முப்பத்தொரு வருஷம் சர்வேயராக நிலம் அளந்தவள் நான். இதுதான் என் எல்லை என்று என்னிடம் சத்தியம் செய்தவர்களில் பாதிப் பேர் அடுத்தவர் நிலத்தில் நின்றுகொண்டுதான் சத்தியம் செய்தார்கள். அதனால் யார் எதைச் சொன்னாலும் என் கை முதலில் டேப்பைத் தேடும். “நல்லவேளை, பொண்ணு பார்க்க வந்தப்ப உன் கையில டேப் இல்ல” என்பார் என் வீட்டுக்காரர். அவர் கொஞ்சம் குள்ளம்.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எங்கள் பகுதியில் நடக்கும் விவசாயிகள் சந்தையின் குழுவில் சேர்ந்தேன். மொத்தம் முப்பது மேஜைகள். சுற்றுவட்டாரத்தில் விளைந்தது மட்டும்தான் அங்கே வரலாம். இரண்டு வருஷமாக நானும் அவரும் அந்தச் சந்தையில் கிடைப்பதைத்தான் சாப்பிடுகிறோம். சில வாரம் கீரையையும் முட்டையையும் தவிர வேறு நாதியிருக்காது. சில வாரம் முள்ளங்கி எங்களைத் துரத்தித் துரத்தி அடிக்கும். ஆனாலும் தட்டில் விழுகிற ஒவ்வொன்றையும் விளைவித்தவரின் முகம் எங்களுக்குத் தெரியும். அது பழகிவிட்டால் பெயர் தெரியாத காயைத் தொடக்கூட மனசு வராது.

‘வளர்த்தவரே விற்க வேண்டும்.’ சந்தையின் முதல் விதி இது. எழுதியவள் நானேதான். முதல் வருஷம் ஒரு ஆசாமி மொத்தக் கடையில் மூட்டை மூட்டையாக வாங்கி, மேலே மண்ணைத் தடவி, தன் தோட்டத்துக் காய் என்று விற்றான். தக்காளிக்காரம்மாவின் வியாபாரம் அந்த வருஷம் படுத்தே போய்விட்டது. அதிலிருந்து யார் மேலாவது சந்தேகம் வந்தால் நேரில் போய் அளந்து பார்த்து அறிக்கை கொடுப்பது என் வேலை.

இந்த முறை புகாரோடு வந்ததும் தக்காளிக்காரம்மாதான்.

“சர்வேயரம்மா, அந்த லிஃப்ட் மெக்கானிக்கைக் கொஞ்சம் கவனிங்க. வாராவாரம் நாப்பது கிலோ கொண்டு வர்றாரு. பீன்ஸ், வெள்ளரி, பூசணின்னு மேஜை தாங்கல. அவர் எழுதிக் கொடுத்திருக்கிற நிலம் எவ்வளவு தெரியுமா? நூத்தி இருபது சதுர அடி! என் சமையல்கட்டே அதைவிடப் பெருசு.”

எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. ஏழு மாதமாக எங்கள் வீட்டில் வேகிற பீன்ஸ் அந்த மனிதருடையது. ஒடித்தால் பட்டென்று சத்தம் கேட்கும். அதை ஊரெல்லாம் புகழ்ந்து வேறு வைத்திருக்கிறேன். அன்றைக்கே குழுவில் பேசினேன். அவர் வளர்த்தது இல்லையென்றால் மேஜையை எடுத்துவிட வேண்டியதுதான் என்றேன். எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

புதன்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் அவருடைய முகவரிக்குப் போனேன். அது ஆறு மாடிக் கட்டடம். பக்கவாட்டுச் சந்தில் வண்டிகள் நிறுத்தியிருந்தார்கள். சுவரை ஒட்டி ஒரு மண்பாத்தி. குனிந்து அளந்தேன். நாலடி அகலம், முப்பதடி நீளம், கச்சிதமாக நூற்றிருபது. பொய் சொல்லாமலே ஏமாற்றுகிற ஆள், கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டேன். குனிந்தபடியே செடிகளை எண்ணினேன். முப்பத்தாறு. முப்பத்தாறு செடியிலிருந்து வாரம் நாற்பது கிலோ எந்தக் காலத்திலும் வராது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தோடு குறிப்பேட்டில் எழுதினேன்.

எழுதிய எழுத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. துடைத்தேன். இன்னொன்று விழுந்தது. எந்தப் புண்ணியவான் மேலேயிருந்து தண்ணீர் கொட்டுகிறான் என்று திட்டுவதற்காக நிமிர்ந்தேன்.

என் தலைக்கு மேலே சுவர் என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறு மாடி உயரத்துக்கு இலை. மாடிக்கு மூன்றாகப் பதினெட்டு ஜன்னல்கள், ஒவ்வொரு ஜன்னலுக்கு அடியிலும் கம்பியில் தொங்கும் வாளி, பெயிண்ட் டப்பா, குழந்தை குளித்த பழைய தொட்டி. ஒவ்வொன்றிலிருந்தும் கயிறு பிடித்து ஏறுகிற கொடி அடுத்த மாடி ஜன்னலில் போய் முடிந்தது. வெள்ளரிக்காய்கள் வரிசையாகத் தொங்கின. கனம் தாங்காத பூசணிகளைத் துணியில் தூளி கட்டித் தாங்கியிருந்தார்கள். ஒரு பூசணி யாரோ ஒருவரின் அரைக்கால் சட்டைக்குள் உட்கார்ந்திருந்தது. வெயில் பட்டு ஈர இலையெல்லாம் மின்னியது. ஆறாவது மாடிக்கு மேலே, வானத்தை ஒட்டிக்கொண்டு, தேனீக்கள் பறப்பது தெரிந்தது.

நான் அப்படியே ஒரு ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டேன். முப்பத்தொரு வருஷமும் தரையையே பார்த்து அளந்திருக்கிறேன். நிலம் மேலே போகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

“மேடம், நீங்களா?” காலி கோணிகளோடு மெக்கானிக் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை கிரீஸ்.

“இது எல்லாம் நீங்க வளர்த்ததா?” என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “அப்படிச் சொல்ல முடியாது மேடம்” என்றார்.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக் தினமும் நாலு மாடி படியேறி வீட்டுக்குப் போகிறார் என்பதை அவரே சொல்லிச் சிரித்தார். நானும் மூச்சிரைக்க அவர் பின்னால் ஏறினேன்.

நாலாவது மாடியில், ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில் அவர் மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறை முழுக்கப் பச்சை வெளிச்சம். பீன்ஸ் கொடி ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டில் கால்வரை எட்டிப் பார்த்தது. அந்த அம்மாள் என்னோடு பேசிக்கொண்டே, பார்க்காமலேயே, கையை நீட்டி ஒவ்வொரு காயாகத் தடவினார். பிஞ்சை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கிள்ளி மடியிலிருந்த கூடையில் போட்டார்.

“மூணு வருஷமா ரெண்டு காலும் வராது அக்கா. ஆஸ்பத்திரியிலேர்ந்து என்னை மேலே தூக்கிட்டு வந்தப்ப மாடிக்கு மாடி கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தாங்க. இனிமே இறங்கினா என் காலால இறங்கறேன், இல்ல இங்கேயே இருக்கேன்னு சொல்லிட்டேன். டாக்டர்கூட இங்கதான் வருவாரு.”

“எந்நேரமும் எதிர்வீட்டு மொட்டைச் சுவரையே பார்த்துட்டுக் கிடந்தா” என்றார் மெக்கானிக். “சரி, ஒரு செடி வைக்கலாம்னு பார்த்தேன். நம்ம ஜன்னல்ல வெச்சா அது மேல் வீட்டுக்குத்தானே ஏறும்? அதனால கீழ் வீட்டு வாத்தியார்கிட்ட போய், உங்க ஜன்னல்ல ஒரு வாளி வெச்சுக்கறேன், தண்ணி மட்டும் ஊத்துங்கன்னு கேட்டேன். அவரு, நான் தண்ணி ஊத்தறேன், நீங்க தின்பீங்க, எனக்கு என்னன்னு கேட்டாரு. நியாயந்தானே? அவருக்காக ரெண்டாவது மாடியில போய்க் கெஞ்சினேன். ரெண்டாவது மாடிக்காக ஒண்ணாவது மாடியில. ஒண்ணாவது மாடிக்காகக் கீழே தோண்டினேன்.”

“அப்புறம் மேல் வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தாங்க, எங்களுக்கு யாரு ஊத்துவாங்கன்னு” என்றார் மனைவி. “அவங்களுக்கு நான் ஊத்தறேன்.” கட்டில் பக்கத்தில் ஒரு குடமும் நீளக் குழாய் வைத்த புனலும் இருந்தன.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினெட்டு வீடுகள். ஒவ்வொருவரும் மேலே இருப்பவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், கீழே இருப்பவர் ஊற்றியதைப் பறிக்கிறார்கள். இதை நான் எந்த நிலத்திலும் பார்த்ததில்லை. இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு வரப்புக்காக வெட்டிக்கொண்டதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகுதான் என் விதி என் முன்னால் வந்து நின்றது. வளர்த்தவரே விற்க வேண்டும். இதில் வளர்த்தவர் யார்?

“மேஜை போயிட்டா என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

மெக்கானிக் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாள்தான் பதில் சொன்னார். “போன வருஷம் காய் முத்திக் கீழே நிக்கிற வண்டி மேல விழுந்து கண்ணாடி உடைஞ்சுது. வாராவாரம் காய் காலியாகணும், இல்லாட்டி கொடியை அறுத்துடுவோம்னு கட்டடத்து ஓனர் சொல்லிட்டாரு. நாப்பது கிலோவை நாங்களே எப்படித் தின்னு தீர்க்கறது? சந்தை இல்லன்னா இது இல்ல.” ஜன்னலைக் காட்டினார். “ஆனா ஒண்ணு அக்கா. என் காலைப் பத்தி உங்க அறிக்கையில எழுதக் கூடாது. பீன்ஸைப் பத்தி எழுதுங்க.”

வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை மாலை குழு கூடியது. மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருந்தோம். அறிக்கையைப் படித்தேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக, நீளம், அகலத்தோடு உயரத்தையும் எழுதியிருந்தேன். படிக்கும்போது குரல் கம்மியது. எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். சர்வேயரம்மாவுக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தர் காதைக் கடித்தது எனக்குக் கேட்டது.

தக்காளிக்காரம்மா மட்டும் அசையவில்லை. “சரி, மொத்தக் கடைச் சரக்கு இல்ல. சந்தோஷம். ஆனா அவர் ஒருத்தர் வளர்த்ததா, இல்லையா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் எழுந்தார். “இல்லைங்க. பதினெட்டு வீடு வளர்த்தது.”

“அப்ப பதினெட்டு வீட்டுலேர்ந்தும் வந்து மேஜைகிட்ட நிக்கட்டும். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை போதும், முகத்தைப் பார்த்துக்கறோம். தண்ணி ஊத்தற ஆளே வரணும், தனக்குப் பதிலா வேற ஆளை அனுப்பக் கூடாது. ஒருத்தர் குறைஞ்சாலும் விதி விதிதான்.”

அவர் பேசியதில் குற்றம் சொல்ல முடியவில்லை. அத்தனையும் என் வாயிலிருந்து அவர் கற்றுக்கொண்டது. ஒருவரால் வர முடியாது என்று சொல்ல நாக்கு துடித்தது. மெக்கானிக் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினார். வாக்குக் கொடுத்தவள், அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தேன். “சரிங்க” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த இரண்டு நாளும் என்னால் பீன்ஸைத் தொடவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்தச் சந்துக்குப் போனேன். தக்காளிக்காரம்மா எனக்கு முன்பே வந்திருந்தார். கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, “அப்படி என்ன சுவர்னு பார்க்கலாமேன்னு வந்தேன்” என்றார். அண்ணாந்தவர் வெகுநேரம் கழுத்தை இறக்கவில்லை. “அம்மாடி” என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். வாத்தியார் வந்தார். ராத்திரி ஷிஃப்ட் முடித்த நர்ஸ் ஒருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தாள். பேசிக்கொள்ளாத இரண்டு ஓரகத்திகள் தனித்தனியாக வந்தார்கள். தக்காளிக்காரம்மா உதட்டுக்குள் எண்ணினார். பதினான்கு. மெக்கானிக்கையும் காணோம், வாத்தியாரும் மறுபடி உள்ளே போய்விட்டார்.

பிறகு மாடிப்படியில் சத்தம் கேட்டது. “இடது பக்கம், இடது பக்கம். நிறுத்து. இப்ப மெதுவா இறக்கு.” மெக்கானிக்கின் குரல். லிஃப்ட் பெட்டியை இறக்குகிற குரலாகத்தான் இருக்க வேண்டும்.

நாலு பேர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அதில் அந்த அம்மாள். தலை வாரி, வெளியே போகிற உடை உடுத்தி, மடியில் கூடையோடு இருந்தார். முகம் கல்லாக இறுகியிருந்தது. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. “யாரும் பாவம்னு மூஞ்சியை வெச்சுக்க வேண்டாம்” என்றார் பொதுவாக. “பதினெட்டுன்னு கேட்டாங்களாம், நான் வந்துட்டேன்.”

தக்காளிக்காரம்மாவின் எண்ணிக்கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். “ஏன் சொல்லல?” என்று கேட்டார், கோபமாக, கண் கலங்கி.

சந்தைக்குப் போகத் தெருவில் நின்ற வேனை நோக்கி நாற்காலியைத் திருப்பினார்கள். அப்போது மேலேயிருந்து ஒரு சொட்டு அவர் கன்னத்தில் விழுந்திருக்க வேண்டும். துடைத்துக்கொண்டே அந்த அம்மாள் தலையைத் தூக்கினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கொடி எல்லாம் வந்தது அவரை மேலே தூக்கிப்போன பிறகு. இதை அவர் பார்த்ததே இல்லை. அவருடைய ஜன்னலுக்குள் வந்த அளவுதான் அவருக்குத் தெரியும்.

நாற்காலிக் கையை விட்டு விரல்கள் தானாக எழுந்தன. முகத்திலிருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. மண்பாத்தியில் ஆரம்பித்து, ஒன்றாவது மாடி வெள்ளரி, தூளியில் தூங்கும் பூசணி என்று ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் கண்களால் ஏறினார். தக்காளிக்காரம்மா புடைவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தானும் அண்ணாந்து நின்றார். தெருவில் வேன்காரர் ஹாரன் அடித்தார்.

மெக்கானிக் குனிந்து, “போலாமா? சந்தை தொடங்கிடும்” என்றார்.

“இருங்க” என்றார் அவர் மனைவி, கண்ணை எடுக்காமல். “நான் இன்னும் நம்ம வீடு வரைக்கும்கூட வரல.”